வை.மு.கோதைநாயகி அம்மாள்: பள்ளி செல்லாத நாவலாசிரியை

எமது பழைய மாணவிகள் சங்கம் நூறு ஆண்டுகளை நிறைவு செய்யும் இவ்வேளையில், ஏறத்தாழ அதே காலத்தில் சென்னையில் ஒரு பெண் தொடங்கிய பணியை நினைவுகூர விரும்புகிறோம். எம்மில் பலர் அவரைப் படித்ததில்லை. ஆயினும் அவர் வழிவந்தவர்களை நன்கறிவோம்.

தொண்ணூறுகளில் மாத்தளை பஸ்ஸில் அலவத்துகொடையில் வந்திறங்கிய எமது புத்தகப் பைகளில், விஞ்ஞானக் கொப்பிக்கு அடியில் ரமணிசந்திரனும் ராஜேஷ்குமாரும் இருந்தார்கள். அட்டை கழன்ற நாவல் ஒன்று வகுப்பு முழுவதையும் சுற்றி வரும். கடைசிப் பக்கங்கள் கிழிந்திருந்தால் கொலையாளி யாரென்று நாங்களே தீர்ப்புச் சொன்னோம். பிடிபட்ட நாட்களில் ஏச்சும் வாங்கினோம்.

விறுவிறுப்பான கதை எமது மண்ணுக்குப் புதிதல்ல. கண்டியில் பிறந்த சித்திலெவ்வை 1885இலேயே 'அசன்பேயுடைய சரித்திரம்' எழுதினார். ஆனால் காதலையும் துப்பறிதலையும் தமிழில் எழுதித் தன் பத்திரிகையிலேயே வெளியிட்ட பெண், கோதைநாயகி அம்மாள்.

1901இல் காஞ்சிபுரத்துக்கு அருகே பிறந்தார். கைக்குழந்தையாக இருக்கையில் தாயை இழந்தார். ஐந்து வயது கடந்ததும் திருவல்லிக்கேணி வை.மு.பார்த்தசாரதிக்கு மணமுடித்து வைத்தனர். பள்ளிக்கூடம் போகவில்லை. அக்கம்பக்கத்துப் பிள்ளைகளுக்குக் கதை சொல்வதில் மட்டும் வல்லவர். தமது முதல் நாடகமான 'இந்திர மோகனா'வை அவர் வாயால் சொல்ல, தோழி பட்டம்மாள் எழுதினார். அந்நாடகம் 1924இல் அச்சேறியது. பின்னரே அவர் தாமாக எழுதப் பழகினார்.

துப்பறியும் நாவல்களால் புகழ்பெற்ற வடுவூர் துரைசாமி ஐயங்கார் அவருக்குத் துணைநின்றார். நின்றுபோயிருந்த 'ஜகன்மோகினி' என்ற பத்திரிகையை 1925இல் வாங்கி, 'வைதேகி' நாவலைத் தொடராக எழுதினார். ஏளனம் செய்தோரும் இருந்தனர், வாசகியரோ பெருகினர். நூற்றுப் பதினைந்து நாவல்கள் அவர் பெயரில் உள்ளன. மர்மத்துக்குள்ளும் காதலுக்குள்ளும் விதவை மறுமணம், மதுவிலக்கு, பெண்கல்வி ஆகியவற்றை வைத்தார். காந்தியடிகளைச் சந்தித்தபின் கதர் உடுத்து, மறியல்களில் ஈடுபட்டுச் சிறையும் சென்றார். அப்போது பத்திரிகையைக் கணவர் கவனித்துக்கொண்டார்.

1956இல் ஒரே மகனை இழந்த துயரிலிருந்து அவர் மீளவில்லை. காசநோய்க்கு ஆளாகி, 1960 பெப்ரவரியில் தாம்பரம் மருத்துவமனையில் காலமானார். எமது தாய்மார் கண்ணீருடன் பார்த்த 'சித்தி' திரைப்படம் (1966) அவரது 'தயாநிதி' நாவலே. படம் நினைவிருக்கும் பலருக்கு அவர் பெயர் தெரியாது.

தேர்ந்த விமர்சகர்கள் அவரது எழுத்தைப் பெரிதாக மதிக்கவில்லை. பிரசங்கம் அதிகம், தற்செயல்கள் அதிகம் என்பதை நாமும் மறுக்கவில்லை. ஆனால் எழுத்துக்கூட்டி வாசிக்கப் பழகிய பெண், அடுத்த இதழுக்காகக் காத்திருந்து வாசகியானாள். அதைச் செய்தவை இக்கதைகள்.

எமது சிகிச்சை நிலையத்துக்கு வரும் தோட்டத்து முதிய தாய்மார் சிலர் இன்றும் பெருவிரல் அடையாளமே இடுகின்றனர். தமது வருத்தத்தை முதல்நாள் தொட்டு ஒழுங்காக, "பிறகு என்னம்மா?" என்று நாம் கேட்கும்படி சொல்கின்றனர். எழுதிக்கொள்வது நாம். அவ்வேளைகளில் பட்டம்மாளை நினைப்பதுண்டு. அத்தாய்மாருக்கும் எமக்கும் இடையிலுள்ள வேறுபாடு அறிவல்ல; பதினொரு, பதின்மூன்று வருடங்கள் எமக்குக் கிடைத்த வாங்கும் மேசையும்தான்.

எனவே உலகெங்கும் வாழும் எமது சகோதரிகளிடம் ஒரு வேண்டுகோள். நூற்றாண்டு நினைவாகப் பாடசாலை நூலகத்துக்குப் புத்தகம் அனுப்பும்போது, பரீட்சை வழிகாட்டிகளோடு நல்ல கதைப் புத்தகங்களையும் அனுப்புங்கள். கோதைநாயகி அம்மாளின் ஒரு நாவலாவது அவற்றில் இருக்கட்டும். கடைசிப் பக்கங்கள் உள்ளனவா என்று பார்த்து அனுப்புங்கள்.