கண்மாய்க்கு வந்த டாலர்

உலக வங்கின்னா பெரிய அணைக்கும் மின்சாரத்துக்கும்தான் கடன் குடுக்கும்னு டவுன்ல இருக்கவங்க நினைப்பீங்க. எங்க புதுக்கோட்டைக் கண்மாய்க்கும் அந்தப் பணம் வந்துச்சு.

முந்தி இங்கெல்லாம் குடிமராமத்துதான். ஊரே மண்வெட்டியோட இறங்கிக் கரை போடும். கண்மாய் சர்க்காரோடதுன்னு ஆனதும் அந்தப் பழக்கம் போச்சு.

2007-ல் நீர்வள நிலவளத் திட்டம். கடன் 48.5 கோடி டாலர். அதுல 15 கோடிக்கு வட்டி கிடையாது, சேவைக் கட்டணம் மட்டும். ஏழை நாடுகளுக்குன்னு உலக வங்கியில தனிப் பிரிவு இருக்கு, அது குடுத்தது. மீதிக்கு வட்டி உண்டு. வாங்கினது இந்திய அரசு, வேலை பார்த்தது தமிழ்நாடு அரசு. தெற்கு வெள்ளாற்றுக் கண்மாய்கள்ல கரை, மடை, கலுங்கெல்லாம் மராமத்து ஆச்சு. பாசனதாரர் சங்கமும் வைக்கச் சொன்னாங்க. நம்ம குடிமராமத்தையே நமக்குக் கடனாக் குடுத்த மாதிரி!

ஆனா வரத்துவாரிக்கு மேல தைலமரக் காடு. அங்க வரப்பு போட்டு மழைத்தண்ணியை மறிச்சிருக்கு. புது மடை இருந்தும் கண்மாய் நிறையல. தவணை மட்டும் போய்க்கிட்டிருக்கு.