தன்முகம் காணும் திரை: ஆபிரிக்கத் திரைப்பட விழாவின் தோற்றம்

கம்பளையிலிருந்து புசல்லாவை வழியாக நுவரெலியாவுக்கு ஏறிச்செல்லும் நெடுஞ்சாலையில் இறம்பொடையைக் கடப்போர், அருவியையும் தேயிலைச் சரிவுகளையும் கண்டு வியப்பர். அச்சரிவுகளிற் கொழுந்து பறிக்கும் பெண்ணின் உருவம் தேயிலை விளம்பரங்கள் வாயிலாக உலகெங்கும் பரவியுள்ளது. ஆயினும், அவள் வாழ்வை அவள் சமூகமே எடுத்துரைத்த திரைப்படங்கள் மிகச் சிலவே. பிறருக்குக் காட்சிப்பொருளாக இருந்த ஒரு மக்கட் கூட்டம் தன்னைத் தானே காட்ட முற்பட்டமைக்கு ஆபிரிக்கத் திரைப்பட விழாவின் வரலாறு சிறந்த எடுத்துக்காட்டாகும்.

பிரான்சின் ஆபிரிக்கக் குடியேற்ற நாடுகளில் முன்அனுமதியின்றிப் படம் பிடித்தலை 1934ஆம் ஆண்டின் லவால் ஆணை தடைசெய்தது. இதனாலேயே போலின் வியேராவும் நண்பர்களும் 1955இல் உருவாக்கிய 'ஆபிரிக்-சுர்-சேன்' என்னும் குறும்படம் ஆபிரிக்காவிலன்றிப் பாரிசிற் படமாக்கப்பட்டது. தாயகத்திற் கருவியைத் தொட இயலாதோர் புலம்பெயர்ந்த நகரிலிருந்து பேசத் தொடங்கினர். விடுதலைக்குப் பின்னர், செனகல் நாட்டு எழுத்தாளர் உஸ்மான் செம்பேன் 1966இல் 'லா நுவார் து' என்னும் படத்தை அளித்தார். பிரான்சிற் பணிப்பெண்ணாகி, தனிமையில் மாய்ந்த ஒரு செனகல் பெண்ணின் கதை அது. அவ்வாண்டிலேயே துனீசியாவிற் கார்தேஜ் திரைப்பட விழாவும் தொடங்கியது.

ஆனால், படம் எடுத்தல் வேறு. அதனைத் தம் மக்களுக்குக் காட்டுதல் வேறு. மேற்கு ஆபிரிக்காவின் படமாளிகைகளுக்கான விநியோகம் பிரெஞ்சு நிறுவனங்கள் இரண்டின் பிடியில் இருந்தது. அவை வருவித்த அந்நியப் படங்களுக்கிடையே ஆபிரிக்கப் படங்களுக்கு இடம் கிட்டவில்லை. இந்நிலையில் 1969 பெப்ரவரியில், அப்பர் வோல்ற்றாவின் தலைநகராகிய வாகடூகுவில் திரைப்பட ஆர்வலர்கள் ஆபிரிக்கத் திரைப்பட வாரமொன்றை நடத்தினர். முதலாவது ஏற்பாட்டுக் குழுவுக்கு அலிமாதா சலெம்பெரே என்னும் பெண்மணி தலைமை தாங்கினார். அந்நாட்டில் அன்று முழுநீளக் கதைப்படம் ஒன்றேனும் உருவாகியிருக்கவில்லை என்பது மனங்கொள்ளத்தக்கது.

விழா எழுப்பிய வினாவுக்கு அரசும் விடைகாண நேர்ந்தது. 1970இல் அந்நாடு படமாளிகைகளைத் தேசியமயமாக்கியது. 1972இல் விழா 'பெஸ்பாகோ' என்னும் பெயருடன் நிலையான நிறுவனமாயிற்று. மொசி மக்களின் தொல்கதை நாயகி யென்னெங்காவின் குதிரை அதன் உயர்பரிசுக்குப் பெயராயிற்று. முதலாவது பரிசை நைஜர் நாட்டின் உமாரு கண்டா பெற்றார். 1979 முதல் ஈராண்டுக்கு ஒருமுறை நிகழும் விழாவாக அது அமைந்தது. கடல்கடந்து வாழும் ஆபிரிக்க வழித்தோன்றல்களின் படங்களுக்கெனப் போல் றொப்சன் பெயரிலும் பின்னர் பரிசொன்று நிறுவப்பட்டது. அடிமை வாணிபம் சிதறடித்தவர்களைத் திரை ஒன்றுகூட்டியது எனலாம்.

மலையகத் தமிழரும் உழைப்பின் பொருட்டுக் கடல்கடந்து கொணரப்பட்டவர்களின் வழிவந்தோரே. தொழிற்சங்கவாதி வி. பி. கணேசன் தெளிவத்தை ஜோசப்பின் கதையைக் கொண்டு 1975இல் 'புதிய காற்று' என்னும் படத்தை அளித்தார். யாழ்ப்பாணத்தில் 2015இல் சர்வதேசத் திரைப்பட விழா தொடங்கியது. மலையகத்திலும் அத்தகைய முயற்சிக்குப் படங்கள் பெருகும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. சொந்தக் கதைப்படமே இல்லாத ஒரு நாடு, முதலில் திரையை விரித்தே கண்டத்தின் கலைஞரை ஒன்றுசேர்த்தது. இறம்பொடைத் தோட்டமொன்றின் திறந்த வெளியிலும் அத்தகைய திரையொன்றை விரித்தல் இயலும்.