அச்சில் வார்த்த சிப்பாய்கள்

ரங்கூனின் மேற்குப் பக்கம், ஆற்றை ஒட்டிக் கிடக்கிறது அலோன். அதற்கு வடக்கே அடுத்த பேட்டை கெமண்டைன். 1824 டிசம்பர் தொடக்கத்தில் மகா பந்துலாவின் படை ரங்கூனைச் சூழ்ந்தபோது, கெமண்டைன் மரக்கோட்டையைக் காத்து நின்றது மதராஸ் நேட்டிவ் இன்ஃபன்ட்ரியின் 26ஆம் படை. உடன் மதராஸ் ஐரோப்பிய ரெஜிமென்டின் ஒரு பிரிவும் இருந்தது. ஆற்றில் எரியும் தெப்பங்கள் மிதந்து வந்தன. கரையிலிருந்து தாக்குதல் ஓயவில்லை. கோட்டை விழவில்லை. தலைமை தாங்கிய மேஜர் யேட்ஸின் பெயரைப் போர் வரலாறுகள் சொல்கின்றன. சிப்பாய்களுக்கு எஞ்சியது 26 என்ற எண்தான்.

மதராஸ்காரர்கள் ஏன் இவ்வளவு பேர்? வங்கப் படையின் சிப்பாய்கள் பலருக்குக் கடல் கடப்பது சாதி விலக்கு. பர்மாப் போருக்குப் புறப்பட மறுத்த வங்கச் சிப்பாய்கள்மீது 1824 நவம்பர் 2ஆம் தேதி பாரக்பூரில் பீரங்கியால் சுட்டார்கள். மதராஸ் படைகளோ ஏற்கெனவே கப்பலேறி, மே 11 அன்று ரங்கூனில் இறங்கிய படையெடுப்பில் இருந்தன. தமிழர், தெலுங்கர், முஸ்லிம்கள் எனப் பலரும் கலந்த படைகள் அவை. மழைக்காலம் தொடங்கியது. குண்டுக்குப் பலியானவர்களைவிடக் காய்ச்சலுக்கும் வயிற்றுப்போக்குக்கும் பலியானவர்களே அதிகம். 1826 பிப்ரவரியில் யாண்டபோ உடன்படிக்கையோடு போர் முடிந்தபோது, பிரிட்டிஷ் தரப்பில் இறந்தவர்கள் இந்தியர்களையும் சேர்த்துச் சுமார் 15,000 பேர்.

அந்த மதராஸ் சிப்பாய் பிறகு லண்டன் பொம்மைக் கடைக்குப் போனார். 1893இல் வில்லியம் பிரிட்டன் நிறுவனம் உள்ளீடற்ற காரீயப் பொம்மை வீரர்களை வார்க்கத் தொடங்கியது. உருக்கிய உலோகத்தை அச்சில் ஊற்றி, சுவரோடு ஒட்டிய பகுதி இறுகியதும் மிச்சத்தைத் திரும்பக் கொட்டிவிடுவார்கள். உலோகம் குறைந்தது, விலையும் இறங்கியது. அவர்களது பட்டியலில் 67ஆம் எண் பெட்டியின் பெயர் மதராஸ் நேட்டிவ் இன்ஃபன்ட்ரி. காலாட்படைப் பெட்டியில் வழக்கமாக எட்டு உருவங்கள் இருக்கும்.

கடையில் வாங்காமல் வீட்டிலேயே வார்ப்பவர்களும் இருந்தார்கள். லைப்ஸிக் நகரின் ஷ்னைடர் சகோதரர்கள் இதற்கென்றே உலோக அச்சுகளை விற்றார்கள். அச்சு இரண்டு பாதிகள். சேர்த்துப் பிடித்தால் நடுவே ஆள் வடிவில் ஒரு பள்ளம். உட்புறத்தில் மெழுகுவர்த்திப் புகையைப் படியவிடுவார்கள், உலோகம் சரியாக ஓடும். காரீயம் 327 டிகிரியில் உருகும். வெள்ளீயம் 232 டிகிரியிலேயே. நம் வீடுகளில் ரசம் வைக்கும் ஈயச் சொம்பு இந்த வெள்ளீயம்தான். இரண்டையும் கலந்து, உறுதிக்குக் கொஞ்சம் ஆன்டிமனி சேர்த்து அகப்பையால் ஊற்றினால், சில நொடிகளில் சிப்பாய் தயார். பிசிறை அராவிவிட்டு அடுத்த ஆளை வார்க்கலாம். உடைந்த சிப்பாயையும் உருக்கி மறுபடி ஊற்றலாம்.

சுவாமிமலையில் நடப்பது இதற்கு நேர்மாறு. மெழுகில் உருவம் செய்து, மேலே மண் பூசி, சூட்டில் மெழுகை வெளியேற்றி, அந்த இடத்தில் உலோகத்தை ஊற்றுவார்கள். சிலையை எடுக்க மண் அச்சை உடைத்தாக வேண்டும். அதனால் ஒரு சிலையைப் போல இன்னொன்று அமையாது. ‘அச்சில் வார்த்தாற்போல’ என்று நாம் சொல்வது பொம்மைச் சிப்பாய்க்கே பொருந்தும்.

படையையும் அரசு அப்படித்தான் வார்த்தது. 1890களின் தொடக்கத்தில் மதராஸின் 10ஆம் படையைக் கலைத்து, பர்மாவிலிருந்த ராணுவப் போலீஸ் ஆட்களைக் கொண்டு திரும்பக் கட்டினார்கள். 1901இல் அது 10ஆம் கூர்க்கா ரைபிள்ஸ் ஆயிற்று. எண் அப்படியே இருந்தது. மதராஸ்காரர் அதில் இல்லை.

பர்மாத் தமிழர் கதையை நாம் பெரும்பாலும் 1942இன் நடைப்பயணத்திலிருந்தோ, 1964க்குப் பிந்தைய கப்பல்களிலிருந்தோ தொடங்குகிறோம். இழந்தவர்களாகவே நம்மைப் பார்க்கப் பழகிவிட்டோம். ஆனால் செட்டியார்களின் கணக்குப் புத்தகத்துக்கும் அலோன் கரையில் மூட்டை சுமந்த கூலிகளுக்கும் முன்னால், துப்பாக்கி ஏந்தி இறங்கியவர்களிலும் நம் ஆட்கள் இருந்தார்கள். பர்மியரின் வீரன் பந்துலா 1825 ஏப்ரல் 1 அன்று தனுபியூவில் குண்டுக்குப் பலியானான். அவனை எதிர்த்து நின்ற படையிலும் மதராஸ்காரர்கள் இருந்தார்கள். சம்பளத்துக்குப் போன ஏழைகள் என்பது உண்மை. பிறர் நாட்டைப் பிடிக்கப் போனார்கள் என்பதும் உண்மை. பேரப்பிள்ளைகளிடம் ஒன்றை மட்டும் சொல்லி மற்றதை மறைத்தால், அவர்கள் கையில் கொடுப்பது உள்ளே வெறுமையான ஒரு பொம்மையைத்தான்.

பிரிட்டன்ஸ் நிறுவனம் 1966இல் காரீயப் பொம்மைகளை நிறுத்திவிட்டது; காரீயம் குழந்தைகளின் மூளையைப் பாதிக்கும். இன்று ரப்பர் அச்சுகளும் காரீயம் கலக்காத உலோகமும் கிடைக்கின்றன. டொரொண்டோவிலோ சிட்னியிலோ பிள்ளைகளோடு வார்த்துப் பார்க்க விரும்புகிறவர்கள், உருகிய உலோகத்தில் ஒரு சொட்டுத் தண்ணீரும் விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள், வெடித்துத் தெறிக்கும். மதராஸ் சிப்பாயை வார்த்து முடித்ததும் பந்துலாவின் வீரர்களையும் வார்த்து எதிரே நிறுத்துங்கள். அவர்கள் ஏன் அங்கே நிற்கிறார்கள் என்று பிள்ளைகள் கேட்பார்கள்.