யாழ்ப்பாணத்துப் பொதுக் கிணறுகள்

யாழ்ப்பாணக் குடாநாட்டிலே வற்றாத ஆறு இல்லை, மலையுமில்லை. ஐப்பசி தொடங்கி மார்கழி வரை பெய்யும் மாரிமழையே இந்நிலத்துக்குக் கிடைக்கும் நீர்ச்செல்வத்திற் பெரும்பங்காகும். அம்மழை சுண்ணாம்புக்கற் பாறையின் வெடிப்புகளூடாகக் கீழிறங்கி, அடியில் நிற்கும் உவர்நீரின்மேல் ஒரு வில்லை போல மிதந்து கிடக்கின்றது. கடல் மட்டத்துக்கு மேல் ஓரடி நன்னீர் நின்றால் அம்மட்டத்துக்குக் கீழே ஏறக்குறைய நாற்பதடி நன்னீர் உண்டு என்பது பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் ஐரோப்பிய அறிஞர் கண்ட கணக்கு. மேலேயுள்ள ஓரடி குறைந்தால் கீழேயுள்ள நாற்பதும் குறையும் என்பது அக்கணக்கின் மறுபக்கம். புத்தூர் நிலாவரைக் கிணற்றிலே மேல்நீர் நன்னீராகவும் அடிநீர் உவராகவும் இருப்பது பலரும் அறிந்ததே. வானரரின் தாகந் தணிக்க இராமபிரான் அம்பெய்து உண்டாக்கிய ஊற்று அது என்பது ஊர்க்கதை. அந்தக் கதையிலுங்கூட நீர் பிறர் தாகத்துக்காகத் தோன்றியதென்பது கவனிக்கத்தக்கது.

இத்தகைய நாட்டிலே கிணறு தோண்டுவித்தல் பேரறமாகக் கருதப்பட்டதில் வியப்பில்லை. மடம், கேணி, சுமைதாங்கி, ஆவுரோஞ்சிக்கல் என்ற நான்கும் ஒரே வரிசையில் வைத்தெண்ணப்பட்டன. சந்தைக்குச் செல்வோர் தலைச்சுமையை இறக்கச் சுமைதாங்கி. அவர் இளைப்பாற மடம். அவர் குடிக்கக் கிணறு. அவருடைய மாடு நீரருந்தத் தொட்டி. அருந்தியபின் உடலை உராய்ந்து தினவு தீர்க்க ஆவுரோஞ்சிக்கல். பருத்தித்துறையிலே வீதிக்குமேற் கூரையாக நிற்கும் தெருமூடிமடத்தைப் பார்ப்போர் அக்கால வழிப்போக்கரின் வாழ்வை ஓரளவு உணரலாம். மாட்டின் தினவையும் நினைந்து கல் நாட்டிய சமுதாயம் இது. இதனை மனத்திற் கொண்டு மேலே செல்வது நன்று.

கிணறு வெட்டுதல் ஒருவர் செய்யும் வேலையன்று. நீர் மிகத் தாழ்ந்திருக்கும் ஆவணி, புரட்டாதி மாதங்களே அதற்கேற்ற காலம். அப்போது நீர் கண்ட கிணறு பின்னர் எக்கோடையிலும் வற்றாது என்பது நம்பிக்கை. வலிகாமத்திற் செம்மண்ணை மண்வெட்டியால் வெட்டிச் செல்வது எளிது. சில முழங்களிற் பாறை தட்டுப்படும். அதன்பின் அலவாங்கும், பிற்காலத்தில் வெடிமருந்துமே துணை. உடைத்த கல்லைக் கடகத்தில் நிரப்பிக் கயிற்றால் மேலே இழுப்பர். அக்கல்லே பொழியப்பெற்றுக் கிணற்றுக்கட்டாகும். மேலே பனைமரத் துலாவும், அதன் நுனியிலே பனையோலைப் பட்டையும் ஏறும். தோட்டத்துக்கு நீர் இறைக்கும்போது ஒருவர் பட்டையைப் பிடிக்க, மற்றொருவர் அல்லது இருவர் துலாவின்மேல் முன்னும் பின்னும் நடந்து மிதிப்பர். தவறினால் உயிருக்கே ஆபத்து. வடமராட்சி கிழக்கின் மணற்பாங்கிலும் தீவுப்பகுதிகளிலும் இவ்வளவு பாடில்லை. மணலை ஆழமின்றித் தோண்டிய பூவலிலே நீர் ஊறும். ஆனால் அகப்பையால் அள்ளும் அளவே ஊறும். சற்று ஆழப்படுத்தினால் உவர் கலக்கும்.

செலவும் உழைப்பும் மிகுதியாதலின் கிணறு பெரும்பாலும் பங்குடைமையாகவே இருந்தது. காணி உறுதிகளிலே நிலத்தின் பரப்போடு, கிணற்றிற் பங்கும் வழியும் வாய்க்காலும் சேர்த்தெழுதப்படுவது இந்நாட்டு வழக்கம். ஒல்லாந்தர் காலத்தில், 1706 ஆம் ஆண்டளவிற் கிளாஸ் ஐசாக்சு தொகுத்த தேசவழமை, பிரித்தானியர் ஆட்சியில் 1806 ஆம் ஆண்டுச் சட்டமாக்கப்பட்டது. அதன் வழிவந்த முதுசமும் சீதனமும் நிலத்தைத் துண்டாடியபோது கிணற்றைத் துண்டாட முடியவில்லை. நீர் இறைக்கும் முறையையே துண்டாடினர். இன்னாருக்கு இன்ன நாள், இன்ன பொழுது என்று பங்காளர் தம்முள் வகுத்துக்கொண்டனர். ஆண்டுக்கொரு முறை கூடி நீரை முற்றாக இறைத்துச் சேறு வாருதலும் பங்காளர் கடன்.

இத்துணைச் சீராக அமைந்த ஏற்பாட்டிலே ஒரு பகுதி மக்களுக்கு இடமிருக்கவில்லை. பஞ்சமர் என ஒதுக்கப்பட்டோர் கிணற்றுக்கட்டை அணுகலாகாது, துலாக்கயிற்றைத் தொடலாகாது. வெறுங் குடத்தோடு தொலைவில் நின்று, உரிமையுடையார் ஒருவர் வந்து இரங்கி ஊற்றும்வரை காத்திருத்தல் வேண்டும். அக்கிணற்றுக்குக் கல்லுடைத்தவரும், அதன் துலாவை மிதித்துத் தோட்டத்துக்கு நீர் பாய்ச்சியவரும் பலவேளைகளில் அவர்களே. நீரை மண்ணுக்கு இறைக்கும் கை தூயது, தன் வாய்க்கு மொள்ளும் கை தீட்டு என்ற இந்த விசித்திர நியாயத்தைச் சைவமும் தமிழும் நன்கு கற்ற ஊர்கள் நெடுங்காலம் பொறுத்திருந்தன. மாட்டுக்குத் தொட்டி கட்டிய அறம் இங்கே தடைப்பட்டு நின்றது.

1927 நவம்பரில் யாழ்ப்பாணம் வந்த காந்தியடிகள் தீண்டாமையைக் கண்டித்துப் பேசினார். மாணவர் காங்கிரசாக எழுந்து வாலிபர் காங்கிரசாக வளர்ந்த இளைஞர் இயக்கமும் அதே குரலை எழுப்பியது. எனினும் பெரும்பணி ஒடுக்கப்பட்டோரின் சொந்த அமைப்புகளாலேயே நடந்தது. 1940களில் எழுந்த அகில இலங்கைச் சிறுபான்மைத் தமிழர் மகாசபை பாடசாலைக்கும் கோவிலுக்கும் வழி கேட்டதுபோலவே நீருக்கும் வழி கேட்டது. தங்கள் குடியிருப்புகளிலே தாமே காசு சேர்த்து, தாமே கல்லுடைத்து, தமக்கெனக் கிணறு கண்டவரும் உளர். வெளியார் உதவியின்றி, பகல் முழுதும் பிறர் தோட்டத்தில் உழைத்தபின் வெட்டப்பட்ட அக்கிணறுகளிலே எவர் பெயரும் பொறிக்கப்படவில்லை. யாழ்ப்பாணத்துத் தொண்டர் வரலாற்றில் முதலிடம் பெறத்தக்கவை அவையே. ஆனால் வேறு கிணறு கிடைத்ததனால் பழைய கிணற்றின் தடை நீங்கிவிடவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும்.

1957 ஆம் ஆண்டின் 21 ஆம் இலக்கச் சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டம், சாதி காரணமாகப் பொதுக் கிணற்றில் நீரெடுப்பதைத் தடுத்தலைக் குற்றமாக்கியது. பொதுக் கிணறு என்ற சொல்லிலேதான் சிக்கல். பெரும்பாலான கிணறுகள் தனியார் வளவுகளுக்குள் இருந்தன. சட்டத்தின் கை அவ்வேலிகளைத் தாண்டவில்லை. இக்காலத்தை அறிய விரும்புவோர்க்கு வரலாற்று நூல்களிலும் இலக்கியமே கூடுதலாக உதவும். டொமினிக் ஜீவாவின் சிறுகதைத் தொகுதி ஒன்று ‘தண்ணீரும் கண்ணீரும்’ எனவும், கே. டானியலின் நாவல் ஒன்று ‘தண்ணீர்’ எனவும் பெயர் பெற்றமை தற்செயலன்று.

இதே காலத்திலே தெற்கில் ஒரு முயற்சி தொடங்கியது. 1958 டிசெம்பரிற் கொழும்பு நாலந்தாக் கல்லூரி ஆசிரியரான ஏ. ரி. ஆரியரத்ன, தம் மாணவரை அழைத்துக்கொண்டு, சிங்களச் சமுதாயத்தில் மிகவும் ஒதுக்கப்பட்ட ரொடியர் வாழ்ந்த கனத்தொலுவ என்னும் சிற்றூருக்குச் சென்றார். மாணவர் அம்மக்களோடு தங்கி, அவர்களோடு உண்டு, மண்வெட்டி பிடித்தனர். சர்வோதய சிரமதான இயக்கத்தின் தொடக்கம் அதுவே. பின்னர் அது வடபகுதிக்கும் பரவியது. வந்தவர் வெட்டிக் கொடுத்துப் போவதும், ஊரவரோடு சேர்ந்து வெட்டுவதும் ஒன்றல்ல என்பதை அவ்வியக்கம் தொடக்கத்திலேயே உணர்ந்திருந்தது. ஆபிரிக்க நாடுகள் பலவற்றிலே தொண்டர் நிறுவனங்கள் அமைத்துக் கொடுத்த கைப்பம்புகளில் ஏறக்குறைய மூன்றிலொரு பங்கு பழுதுற்றுக் கிடப்பதாக 2009 ஆம் ஆண்டளவில் மதிப்பிடப்பட்டது. உடைந்த உறுப்பை மாற்றுவார் யார், அதற்குப் பணம் தருவார் யார் என்பது முன்கூட்டித் தீர்க்கப்படாமையே பெரும்பாலும் காரணம்.

நல்லெண்ணம் மட்டும் போதாது என்பதற்கு இலங்கையிலும் சான்றுண்டு. 2004 டிசெம்பர் 26 ஆம் திகதி ஆழிப்பேரலை வடமராட்சி கிழக்கு முதலாக நாட்டின் கரையோரக் கிணறுகளை உப்பாக்கியது. தொண்டர் பலர் இயந்திரங்களோடு வந்து கிணறுகளை மீண்டும் மீண்டும் இறைத்தனர். மட்டக்களப்புக் கரையோரத்தில் நடந்த ஆய்வுகள், அவ்வாறு இறைத்தமையால் அடியிலுள்ள உவர் மேலெழுந்து தீமை கூடிய இடங்களும் உண்டெனக் காட்டின. சேற்றை அகற்றி, நீரை மெல்ல எடுத்து, மழைக்குக் காத்திருப்பதே தக்கதென அறிஞர் பின்னர் அறிவுரை கூறினர். துலா மிதித்த தலைமுறையிடம் கேட்டிருந்தால் அவர்களும் அதையே சொல்லியிருப்பர்.

குடாநாட்டிலே இன்று ஏறக்குறைய ஒரு இலட்சம் கிணறுகள் உண்டென்பர். நீரிறைக்கும் இயந்திரமும் செயற்கை உரமும் வந்தபின் வெங்காயமும் மிளகாயும் செழித்தன. வலிகாமத்துக் கிணறுகள் பலவற்றில் நைத்திரேற்று, உலக சுகாதார நிறுவனம் வகுத்த எல்லையான லீற்றருக்கு 50 மில்லிகிராமைத் தாண்டியிருப்பதை 1980கள் முதலான ஆய்வுகள் காட்டிவருகின்றன. சுன்னாகத்திலே மின்னிலையமொன்றின் எண்ணெய்க் கழிவு கிணறுகளிற் கலந்த வழக்கில், பாதிக்கப்பட்டோர்க்கு இரண்டு கோடி ரூபாய் இழப்பீடு வழங்குமாறு 2019 ஆம் ஆண்டு உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2024 ஆகஸ்டிலே தாளையடியில் நாளொன்றுக்கு 24,000 கனமீற்றர் கடல்நீரை நன்னீராக்கும் நிலையம் திறக்கப்பட்டது. குழாய்நீர் வரும் ஊர்களிலே கிணற்றைப் பேணும் ஆர்வம் குறைவது இயல்பு.

புலம்பெயர்ந்தோரின் ஊர்ச்சங்கங்கள் இலண்டனிலும் ரொறன்ரோவிலும் பாரிசிலும் பணந்திரட்டித் தத்தம் ஊர்களின் குடிநீருக்கு உதவுகின்றன. போர்க்காலத்தில் இராணுவத்தின் உயர் பாதுகாப்பு வலயமாகிய வலிகாமம் வடக்கிலே, காணிகள் விடுவிக்கப்பட்டுத் திரும்பியவர்கள் வீட்டுக்குக் கூரை போடுமுன் கிணற்றை இறைத்தனர். இருபது ஆண்டுக்கு மேலாகப் பற்றை மூடிக் கிடந்தமையால் வேலியும் எல்லைக்கல்லும் மறைந்துபோன வளவுகளில், கிணற்றுக்கட்டைக் கண்டே பலர் தம் காணியை அடையாளங் கண்டனர். பங்குக் கிணறுகளைத் துப்புரவாக்கக் கூடியபோது, நால்வரின் பங்கில் ஒருவர் மட்டுமே ஊரில் இருந்தார். ஏனையோர் கடல் கடந்திருந்தனர். அவர்களுடைய பங்கு உறுதியில் அப்படியே இருக்கின்றது. சேற்றை வாரியவர் அயலவர். இப்போது அந்நீரை மொள்பவரும் அயலவரே.