கூட்டின் அளவும் கட்டும் வேளையும்: சுண்டெலி ஆய்வில் பிரித்தறிய வேண்டிய இரண்டு

சுண்டெலி கட்டும் கூட்டை மரபியலாளர்கள் அரை நூற்றாண்டாக எடைபோட்டு வருகிறார்கள். எலி எவ்வளவு பஞ்சை இழுத்துக்கொண்டது என்று அளக்கிறார்கள். நாளின் எந்த வேளையில் அது கூட்டைக் கட்டியது என்பதைப் பெரும்பாலான சோதனைகள் கேட்பதில்லை. அளவு வேறு, வேளை வேறு. இவ்விரண்டையும் பிரித்துப் பார்க்காதவரை, மூளையிலுள்ள உடல் கடிகாரத்துக்கும் கூடுகட்டலுக்கும் இடையே கண்டறியப்பட்ட தொடர்புக்குச் சரியான பொருள் கிடைக்காது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

கூடு எலிக்கு ஆடம்பரமன்று. இருபது, இருபத்தைந்து கிராம் எடையுள்ள உடல் வெப்பத்தை வேகமாக இழக்கும். ஆய்வகங்கள் மனிதருக்கு இதமான 20 முதல் 24 டிகிரி செல்சியஸ் வெப்பநிலையில் இயங்குகின்றன. சுண்டெலி கூடுதல் ஆற்றல் செலவின்றி இருக்கக்கூடிய வெப்பநிலையோ ஏறத்தாழ 30 டிகிரி. ஆகவே, கூடுகட்டப் பொருள் கொடுக்கப்படாத ஆய்வக எலி வாழ்நாள் முழுவதும் குளிரிலேயே இருக்கிறது. இதை எலி நலம் பற்றிய செய்தியாக மட்டும் கொள்ளக்கூடாது. அந்த எலியிடமிருந்து நாம் பெறும் உடலியல் தரவுகள் எல்லாவற்றையும் இது தொடுகிறது.

இந்தத் துறையின் அடித்தளம் அமெரிக்க மரபியலாளர் கரோல் லிஞ்ச் இட்டது. 1977இல் அவர் வெளியிட்ட ஆய்வு, காட்டு எலிகளிலிருந்து பெற்ற வழித்தோன்றல்களை நெருங்கிய உறவுக்குள் இனப்பெருக்கம் செய்தால் கூடு சிறுக்கிறது என்று காட்டியது. ஒரு பண்பு உட்கலப்பால் நலிகிறது என்றால், இயற்கைத் தேர்வு அப்பண்பை நெடுங்காலமாக ஒரே திசையில் தள்ளி வந்திருக்கிறது என்று ஊகிக்க இடமுண்டு. இங்கே அந்தத் திசை பெரிய கூடு. 1980இல் அவர் தேர்வு இனப்பெருக்கத்தின் முடிவுகளை வெளியிட்டார். நான்கு நாட்களில் எலி பயன்படுத்திய பஞ்சின் மொத்த எடையே அளவுகோல். பெரிய கூட்டுக்காக இரண்டு வழிகள் (தனித்தனியே பெருக்கப்பட்ட பரம்பரைகள்), சிறிய கூட்டுக்காக இரண்டு, தேர்வுக்கு உட்படாத ஒப்பீட்டு வழிகள் இரண்டு. தலைமுறைகள் செல்லச்செல்லப் பெரியதும் சிறியதும் விலகிப்போயின. பிறகு 1992இல், மெய்ன் முதல் புளோரிடா வரை பிடித்த எலிகளின் சந்ததிகளை ஒப்பிட்டு, வடக்கே செல்லச்செல்லக் கூடு பெரிதாவதைக் காட்டினார். ஆய்வகத்தில் பிறந்த கணிப்பைக் களத்து எலிகளிடம் சரிபார்த்த இத்தகைய தொடர்ச்சி நடத்தை மரபியலில் அரிது. அதற்குரிய மதிப்பு அதற்கு இன்னும் கிடைக்கவில்லை என்றே கருதுகிறேன்.

இதே வழிகளின் மூளையை ஆபெல் புல்ட்டும் லிஞ்சும் உடன் ஆய்வாளர்களும் ஆராய்ந்தபோதுதான் கடிகாரம் உள்ளே வந்தது. பார்வை நரம்புகள் குறுக்கிடும் இடத்துக்கு மேலே, ஹைப்போதலாமஸில், ஏறத்தாழ 20,000 நரம்பணுக்கள் கொண்ட சூப்ராகையாஸ்மாட்டிக் உட்கரு இருக்கிறது. இதை அழித்தால் நாள்முறை ஒழுங்கு குலைகிறது என்று 1972இல் இரண்டு குழுக்கள் தனித்தனியே எலிகளில் காட்டின. 1990இல் வெள்ளெலிகளில் இதை இடம் மாற்றிப் பொருத்தியபோது, தானம் தந்த விலங்கின் சுழற்சி நீளமே பெற்ற விலங்கிடம் வெளிப்பட்டது. தலைமைக் கடிகாரம் இதுவே என்பதில் அதன்பின் ஐயமில்லை. இந்த உட்கருவில் வாசோபிரெசின் என்னும் ஹார்மோனைக் காட்டும் சாயம் ஏறும் நரம்பணுக்களின் எண்ணிக்கை கூடுகட்டும் வழிகளுக்கிடையே வேறுபடுகிறது என்று 1992இலும், அவற்றின் நாள்முறைச் சுழற்சியும் வேறுபடுகிறது என்று 1993இலும் அவர்கள் தெரிவித்தனர்.

அப்படியானால் கடிகார நரம்பணுக்கள்தாம் கூட்டின் அளவைத் தீர்மானிக்கின்றனவா? அந்த முடிவுக்குத் தாவுவதற்கு முன் தடைகள் பல. சாயம் காட்டுவது நரம்பணுவை அன்று, அதனுள் இருக்கும் வாசோபிரெசினை. வாசோபிரெசின் மரபணுவின் இயக்கமே கடிகாரப் புரதங்களின் கட்டுப்பாட்டில் ஏறி இறங்குகிறது என்பது 1999இல் நிறுவப்பட்டது. எனவே எலியின் மூளை எந்த மணிக்கு எடுக்கப்பட்டது என்பதைப் பொறுத்து எண்ணிக்கை மாறக்கூடும். சுழற்சியே வேறுபடும் வழிகளில் இது சிறிய விஷயமன்று. அடுத்து, சிறிய இனப்பெருக்கக் கூட்டங்களில் மரபணுக்கள் தற்செயலாகவும் நிலைபெறும். ஒரே திசையில் தேர்ந்த இரண்டு வழிகளும் ஒன்றுபோல மாறினால்தான் வேறுபாடு தேர்வினால் வந்தது என்று நம்பலாம். லிஞ்ச் ஒவ்வொரு திசைக்கும் இரண்டு வழிகள் வைத்ததன் அருமை இங்கே புரியும். அவ்விரண்டும் ஒத்துப்போனாலும்கூட ஒரு வாய்ப்பு எஞ்சுகிறது. ஹைப்போதலாமஸின் வளர்ச்சியைப் பரவலாக மாற்றும் மரபணுக்கள், வெப்பத்தைக் கட்டுப்படுத்தும் முன்பகுதியையும் கடிகார உட்கருவையும் ஒருங்கே தொட்டிருக்கலாம். அப்போது கூடும் கடிகாரமும் ஒரே காரணத்தின் இரண்டு விளைவுகள்; ஒன்று மற்றொன்றின் காரணமாகாது.

வாசோபிரெசின் பற்றிய பிற்காலச் சான்றுகளும் இந்த எச்சரிக்கைக்கே வலுச்சேர்க்கின்றன. பிராட்டில்பரோ எனப்படும் ஆய்வக எலி வகையில் வாசோபிரெசின் உருவாவதில்லை. ஆனாலும் அதன் நாள்முறை ஒழுங்கு நீடிக்கிறது. 2013இல் கியோட்டோவைச் சேர்ந்த குழு, வாசோபிரெசினின் V1a, V1b ஏற்பிகள் இரண்டும் இல்லாத சுண்டெலிகள் மாற்றப்பட்ட ஒளி நேரத்துக்கு மிக விரைவில் பழகிக்கொள்வதைக் காட்டியது. 2015இல், வாசோபிரெசின் நரம்பணுக்களில் மட்டும் கடிகார மரபணுவான பிமால்1 நீக்கப்பட்டபோது சுழற்சி நீண்டது. இவை எல்லாம் வேளையைப் பற்றியவை. எவ்வளவு என்பதற்கு இவற்றில் விடையில்லை.

அளவுக்கும் வேளைக்கும் இடையிலான உண்மையான இணைப்பு வேறிடத்தில் இருக்கலாம் என்பதற்கு நான் மிகவும் மதிக்கும் சான்று 2016இல் ஸ்டான்ஃபோர்டிலிருந்து வந்தது. நடுமூளையின் டோபமின் நரம்பணுக்களை அடக்கியபோது, உணவோ இணையோ எதிரில் இருந்தும் எலிகள் விழித்திருக்கவில்லை. ஆனால் உடனே உறங்கவுமில்லை. முதலில் கூட்டைக் கட்டின, பிறகே உறங்கின. அதாவது கூடுகட்டல் விழிப்புக்கும் உறக்கத்துக்கும் இடைப்பட்ட செயல். இப்படிப் பார்த்தால், கடிகாரம் உறக்கத்தின் வேளையைக் குறிக்கிறது, அந்த வேளை கூடுகட்டலைத் தூண்டுகிறது, எவ்வளவு கட்டுவது என்பதைக் குளிரும் உடல் நிலையும் முடிவுசெய்கின்றன. கருவுற்ற பெண் எலி குட்டிகளுக்காகக் கட்டும் பெரிய கூடு புரோஜெஸ்டிரோன் போன்ற ஹார்மோன்களின் தூண்டுதலால் எழுவது. அதை இந்தக் கணக்கில் கலக்கக்கூடாது.

இந்த விளக்கத்தைச் சோதிக்க முடியும். 1994இல் ஜோசப் தாகாஹாஷியின் குழு கண்டறிந்த கிளாக் என்னும் கடிகார மரபணுவின் திரிபை இரு பெற்றோரிடமிருந்தும் பெற்ற எலி, தொடர் இருளில் 27, 28 மணி நேரச் சுழற்சியில் ஓடிப் பின்னர் ஒழுங்கையே இழக்கிறது. என் வாதம் சரியென்றால், அந்த எலியின் கூடுகட்டும் வேளை சிதறும். ஒரே வெப்பநிலையில் வைத்தால் பஞ்சின் மொத்த எடை பெரிதாக மாறாது. எடையும் மாறினால் என் வாதம் தோற்கும். மாலையில் பஞ்சை வைத்துக் காலையில் மதிப்பெண் இடும் வழக்கமான முறை இவ்விரண்டையும் பிரித்துக் காட்டாது.

இத்தகைய சோதனைக்கு ஏற்ற ஆய்வு மரபு நம்மிடமே உண்டு. மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் எம்.கே. சந்திரசேகரனும் அவருடைய மாணவர்களும், வளைகளில் வாழும் சிறு வயலெலியான மஸ் பூடுகாவின் ஓட்டச் சுழற்சியைத் தொடர் இருளில் பதிவுசெய்து, சிறு ஒளித்துடிப்புகள் அதன் கடிகாரத்தை எவ்வாறு நகர்த்துகின்றன என்று நுணுக்கமாக அளந்தார்கள். வெப்பநாட்டு எலியிடம் குளிரின் தாக்கம் குறைவு. வேளையின் பங்கைத் தனியே காண அது ஏற்ற விலங்கு. அந்த மரபில் வரும் நம் ஆய்வாளர்கள் ஓட்டச் சக்கரத்தோடு கூட்டின் மேல் ஓர் அகச்சிவப்புக் கேமராவையும் பொருத்தி, மணிதோறும் கூடுகட்டலைப் பதிவுசெய்ய முன்வர வேண்டும்.