டேட்டா என்னுடையது, படம் யாருடையது?

மயிலாப்பூர் நாகேஸ்வர ராவ் பூங்காவில் காலை நடை முடிந்து உட்கார்ந்திருந்தோம். நண்பர் ஒருவர் சொன்னார்: "தினம் 1.5 ஜி.பி. டேட்டா சார். ராத்திரி பன்னிரண்டுக்குள் தீர்க்காவிட்டால் வீண். அதனால் புதுப்படம் ஏதாவது இறக்கி வைத்துவிடுகிறேன். காசு கட்டியிருக்கிறேனே, என்ன தப்பு?"

"நீங்கள் கட்டியது பாதைக்கு, அதில் வரும் சரக்குக்கு இல்லை" என்றேன். உபதேசம் செய்ய எனக்கும் முழு யோக்கியதை கிடையாது. எண்பதுகளில் தி.நகர் கடையில் பாட்டுப் பட்டியல் எழுதிக் கொடுத்து, 90 நிமிட கேசட்டில் பதிந்து வாங்கியவன்தான் நானும். அந்தக் காசில் பாட்டுக்கு உரியவர்களுக்கு என்ன போயிற்று என்று அன்று யோசிக்கவில்லை.

இந்த விவகாரம் நம் சென்னை உயர் நீதிமன்றத்துக்கே வந்தது. 2012-ல் '3', 'தம்மு' படங்களின் திருட்டு நகல்களைத் தடுக்க, பெயர் தெரியாத எதிரிகள் மீது தடை உத்தரவு வாங்கினார்கள். இத்தகைய உத்தரவை நம் நாட்டில் 'அசோக் குமார் உத்தரவு' என்பார்கள். உடனே இணைய இணைப்பு நிறுவனங்கள் விமியோ, டெய்லிமோஷன் போன்ற தளங்களையே முழுசாக மூடிவிட்டன. ஒரு கடையில் திருட்டுச் சாமான் இருக்கிறதென்று ரங்கநாதன் தெருவையே அடைத்த மாதிரி! ஜூன் மாதம் நீதிமன்றம் தெளிவுபடுத்தியது: திருட்டுப் படம் உள்ள குறிப்பிட்ட முகவரியை மட்டும் தடுத்தால் போதும்.

நான் பிரெஞ்சு வழியில் படித்தவன். ஆங்கிலத்தில் 'காப்பிரைட்', அதாவது நகலெடுக்கும் உரிமை. பிரெஞ்சில் அதையே 'ட்ருவா தோத்தர்', ஆசிரியரின் உரிமை என்பார்கள். பெயரிலேயே ஆள் நிற்கிறார்.

அந்த உரிமைக்கும் காலவரை உண்டு. நம் சட்டப்படி எழுத்தாளர் மறைந்த பின் 60 ஆண்டு. 50 ஆக இருந்ததை, 1941-ல் மறைந்த தாகூரின் நூல்களை முன்னிட்டு 1992-ல் நீட்டினார்கள். பாரதியார் பாடல்களின் உரிமையையோ 1949-லேயே அரசு ஏற்றது. ஏ.வி. மெய்யப்ப செட்டியார் தம்மிடமிருந்த உரிமையை விலை வாங்காமலே கொடுத்தார். 1954-ல் மறைந்த கல்கியின் நூல்களும் இன்று எல்லோருக்கும் பொது. 1998-ல் தொடங்கிய மதுரைத் திட்டத்தில் தன்னார்வலர்கள் தட்டச்சு செய்து ஏற்றிய பழந்தமிழ் நூல்களை யாரும் கூசாமல் இறக்கலாம்.

ஒரு படம் ஒரு ஜி.பி.யை விழுங்கும். எழுத்து வடிவில் பெரிய நாவலுக்கும் சில எம்.பி. போதும்.

மறுநாள் நண்பர் கேட்டார்: "பொன்னியின் செல்வன் ஐந்து பாகமும் இறக்கிவிட்டேன் சார். டேட்டா அப்படியே மிச்சம். இனி என்ன செய்வது?"

"படியுங்கள்" என்றேன்.