ஆங்கிலத்தின் எதிர்காலச் சொற்களும் வன்னிக் காணிப் பத்திரங்களும்

ஆங்கிலம் கற்கப் புகும் நம் மாணாக்கர் இலக்கண நூலில் மலைத்து நிற்கும் இடங்களுள் எதிர்கால வாய்பாடு ஒன்று. தன்மைக்கு 'ஷல்', முன்னிலைக்கும் படர்க்கைக்கும் 'வில்' எனக் கட்டமிட்டுக் கற்பித்தது ஒரு காலம். எம் இளமையில் அவ்வாய்பாட்டைத் தேவாரம் போல ஒப்புவித்தோம். பின்வந்த பாடநூல்கள் 'ஷல்' என்பதை மெல்ல ஒதுக்கி, எல்லாவிடத்தும் 'வில்' போதும் என்றன. முன்னர் ஏன் அவ்வாறு, பின்னர் ஏன் இவ்வாறு என்று கேட்டால் விடை கூறுவார் அரியர்.

சில ஆண்டுகளுக்கு முன் கிளிநொச்சிப் பகுதியில் ஒரு வகுப்பில் யான் இப்பாடத்தை நடாத்திய போது மாணவி ஒருத்தி, தன் பாட்டனார் பெயரில் வழங்கப்பட்ட பழைய ஆங்கிலக் காணிப் பத்திரம் ஒன்றின் படியைக் கொணர்ந்தாள். மூலப் பத்திரம் 2009 ஆம் ஆண்டின் இடப்பெயர்வில் தொலைந்துவிட்டது; வவுனியாவிலிருந்த உறவினர் ஒருவரிடம் இப்படி மாத்திரம் தப்பியிருந்தது. அதில் வரிதோறும் 'ஷல்' இருப்பதைக் காட்டி, "இதில 'ஐ'யும் இல்லை, 'வீ'யும் இல்லை, பிறகேன் சேர் 'ஷல்' போட்டிருக்கு?" என்று வினாவினாள். அவ்வினாவுக்கு அன்று யான் கூறிய விடை போதியதன்று. இக்கட்டுரை அக்குறையை நிரப்ப முயல்கின்றது.

முதற்கண் ஓர் உண்மையை மனங்கொள்ளல் வேண்டும். ஆங்கில வினைச்சொல்லுக்கு எதிர்காலம் உணர்த்தும் தனி உருபு இல்லை. இறந்தகாலத்துக்கு உருபு உண்டு, எதிர்காலத்துக்கு இல்லை. ஆங்கிலம் தோன்றிய ஜெர்மானிய மொழிக் குடும்பத்தின் இயல்பே இது. பழைய ஆங்கிலத்தார் நிகழ்கால வினையாலேயே நாளைய செய்தியையும் கூறினர். டென்மார்க்கைச் சேர்ந்த மொழியறிஞர் ஒட்டோ யெஸ்பெர்சன், ஆங்கிலத்தில் எதிர்காலம் எனத் தனியே ஒரு காலம் இல்லை என்றே கொண்டவர். உருபில்லாத மொழி எதிர்காலத்தைப் பேச வேண்டியபோது பிற சொற்களைக் கடன் வாங்கிற்று. அவ்வாறு வாங்கிய சொற்கள் தத்தம் பழம்பொருளை முற்றும் கைவிடவில்லை. பிற்காலத்து இடர்ப்பாடுகள் எல்லாவற்றுக்கும் வேர் இதுவே.

'ஷல்' என்பதன் பழம்பொருள் 'கடன்பட்டிருத்தல்' என்பது. ஒருவன் இத்தனை காசு கொடுக்கக் கடவன் என்பதைப் பழைய ஆங்கிலத்தில் இவ்வினையாற் கூறினர். இதற்கு உறவான 'ஷூல்ட்' என்னும் ஜெர்மன் சொல் இன்றும் கடன், குற்றம் என்னும் இருபொருளும் தருகின்றது. 'வில்' என்பதன் பழம்பொருள் 'விரும்புதல்'. ஆகவே ஆங்கிலத்தார் வருங்காலத்தைக் கடனாலும் விருப்பாலும் அளந்தனர் எனலாம். 14 ஆம் நூற்றாண்டின் இறுதியில் விக்கிளிப் என்பாரின் வழியினர் விவிலியத்தை இலத்தீனிலிருந்து பெயர்த்தபோது, இலத்தீன் எதிர்கால வினைக்கு நேராகப் பெரும்பாலும் 'ஷல்' என்பதையே இட்டனர். இறைவன் வாக்கு என்றால் அது நிகழ்ந்தே தீரும் கடமை என்பது அவர் கருத்துப் போலும். மக்கள் பேச்சிலோ 'வில்' பரவிற்று.

இவ்விரண்டுக்கும் எல்லை வகுக்க முன்வந்தவர் ஒரு கணித நூலாசிரியர். ஒக்ஸ்போர்டில் வடிவகணிதப் பேராசிரியராயிருந்த யோன் வாலிஸ், 1653 இல் ஆங்கில இலக்கணம் ஒன்றை இலத்தீன் மொழியில் வெளியிட்டார். முடிவிலிக்குக் குறியீடு வழங்கிய அதே வாலிஸ் இவர். அக்குறியீடு 1655 இல் வெளிவந்த அவர் நூலிற் காணப்படுகின்றது. அவர் விதி இது: தன்மையில் 'ஷல்' வருவதை முன்கூறும், 'வில்' வாக்களிக்கும் அல்லது அச்சுறுத்தும்; முன்னிலையிலும் படர்க்கையிலும் இது தலைகீழாகும். எனவே 'ஷல்' கொண்டு 'நான் போவேன்' என்றால் அது வெறும் முன்கூற்று. அதே சொல்லால் 'நீ போவாய்' என்றால் அது கட்டளை.

வாலிஸ் இந்நூலை எழுதியது ஆங்கிலேயர்க்கு அன்று. அயல்நாட்டார் ஆங்கிலம் கற்பதற்காக என்பது ஈண்டு நோக்கத்தக்கது. அயலாருக்கென எழுதிய விதி அடுத்த நூற்றாண்டுகளில் ஆங்கிலேயப் பிள்ளைகளுக்கே பாடமாயிற்று. பின்னர் கப்பலேறி மீண்டும் அயலாராகிய நம்மிடம் வந்துசேர்ந்தது. விதியைப் பிழைத்தவர்களை எள்ளும் கதைகளும் பிறந்தன. நீரில் மூழ்கும் அயர்லாந்துக்காரன் ஒருவன் இரு சொற்களையும் இடம் மாற்றிக் கூவினானாம். 'நான் மூழ்கப்போகிறேன், ஒருவரும் காப்பாற்றாரே' என்பது அவன் கருத்து. கரையில் நின்ற ஆங்கிலேயர் காதிலோ, 'மூழ்கியே தீர்வேன், ஒருவரும் என்னைக் காப்பாற்றக்கூடாது' என்று விழுந்ததாம். இலக்கணப் பிழைக்கு மரணதண்டனை விதிக்கும் இக்கதையை எம் ஆசிரியர்களும் சிரித்துச் சிரித்துக் கூறுவர். யானும் கூறியிருக்கின்றேன், இப்போது கூறுவதில்லை.

1906 இல் பௌலர் சகோதரர் இருவர் தம் நூலில் இவ்விரு சொற்களுக்குப் பல பக்கங்களை ஒதுக்கினர். தென் இங்கிலாந்தாருக்கு இவ்வழக்கு இயல்பாகவே வரும். ஏனையோர் கற்றுத் தேறுதல் அரிது என்பது அவர் கூற்றின் சாரம். கற்பிக்கும் நூலிலேயே கற்க இயலாது என்று எழுதிவைத்தமை வியப்பு. 1925 இல் சாள்ஸ் பிரீஸ் என்னும் அமெரிக்க அறிஞர் பழைய இலக்கண நூல்களையும் நாடகங்களின் உரையாடல்களையும் ஒப்புநோக்கி, இவ்விதிக்கு வழக்கிலே போதிய ஆதரவில்லை எனக் காட்டினார். நாம் ஒப்புவித்த வாய்பாட்டின் வரலாறு இவ்வளவே.

இவ்விரண்டையும் விட வேறு வழிகளும் ஆங்கிலத்தில் உண்டு. 'போதல்' என்னும் வினையால் எதிர்காலம் கூறல் ஒன்று. மேற்கே கருமுகிலைக் கண்டவர் அங்ஙனம் கூறுவர். சான்று கண்முன்னே இருப்பதால். நம்மவரும் 'மழை வரப்போகுது' என்கின்றனர். ஒன்றையொன்று பார்த்து எழுதாத இரு மொழிகள் ஒரே உவமையைக் கைக்கொண்டமை மாணாக்கருக்குப் பெரிதும் உதவும். ஆனால் இதை எடுத்துக்காட்டும் பாடநூலை யான் கண்டிலேன்.

மற்றொன்று, நிகழ்காலத்தாலேயே நாளையைக் கூறல். கால அட்டவணைகளுக்கு இது உரியது. புகைவண்டி 'நாளை இத்தனை மணிக்குப் புறப்படுகிறது' என்பர். ஐயத்துக்கு இடமின்மையால் எதிர்காலச் சொல் வேண்டப்படுவதில்லை. வடபகுதிப் பாதை வவுனியா, கிளிநொச்சி வழியாக யாழ்ப்பாணம் வரை 1905 இல் இணைந்தது. 'யாழ்தேவி' 1956 இல் ஓடத் தொடங்கியது. 1990 இல் வண்டி நின்றபோது வன்னி மக்களுக்கு அந்த நிகழ்காலம் இல்லாதொழிந்தது. கிளிநொச்சிக்கு வண்டி மீண்டது 2013 இல். இடையில் இருபத்துமூன்று ஆண்டுகள். அவ்வாண்டுகளில் பிறந்து வளர்ந்த பிள்ளைக்கு, 'புகைவண்டி நாளை புறப்படுகிறது' என்பதை நிச்சயத்துக்கு எடுத்துக்காட்டாகக் கூறிய ஆசிரியர் என்ன பாடுபட்டிருப்பார் என்று யான் எண்ணுவதுண்டு.

தமிழின் நிலை வேறு. தொல்காப்பியர் காலம் மூன்று என்றார். நன்னூலார் எதிர்கால இடைநிலைகளைத் தனியே வகுத்தார். உருபு உண்டு, ஆயினும் அது எதிர்காலத்தோடு அமைவதில்லை. 'செய்யும்' என்னும் முற்று நிகழ்வுக்கும் எதிர்வுக்கும் பொது. மலை நிற்கும், தீச் சுடும் என்பவை நாளைய செய்திகள் அல்ல, என்றும் உள்ளவை. 'மாரியில் குளம் நிரம்பும்' என்று வன்னிக் கமக்காரர் கூறுமிடத்து, அது இயல்பு கூறுதலா, வருவதுரைத்தலா, நம்பிக்கையா என்று பிரித்தறிதல் அரிது. அவருக்கும் பிரித்தறிய வேண்டிய தேவையில்லை. மேலும் தொல்காப்பியர், விரைவு பற்றி எதிர்காலச் செய்தியை இறந்தகாலத்தாற் கூறலாம் என்பர். கிளம்பாதவன் 'இதோ வந்துவிட்டேன்' என்பது இவ்வகையது. தமிழிலே எதிர்காலத்துக்கு 'வில்' என்று நேர்ச்சொல் எழுதிப் பழகும் மாணாக்கர், 'அப்பா காலையில் வயலுக்குப் போவார்' என்னும் வழக்கத்தையும் 'வில்' இட்டுப் பெயர்ப்பதன் காரணம் இதுவே. 'வில்' அங்கும் இசைவதுண்டாயினும், அன்றாட வழக்கத்தை ஆங்கிலம் பெரும்பாலும் நிகழ்காலத்தாலேயே கூறும்.

இனி மாணவியின் பத்திரத்துக்கு வருவோம்.

வன்னிப் பெருநிலத்தில் குடிகள் அருகியிருந்த காலத்தில் ஆங்கில அரசினர் குளங்களைத் திருத்த முனைந்தனர். கனகராயன் ஆற்றை மறித்த இரணைமடுக் குளத்துக்கு 1885 இலே ஹென்றி பாக்கர் என்னும் பொறியியலாளர் திட்டம் வகுத்தார். வேலை நிறைவெய்தியது 1920களின் தொடக்கத்திலே. 1935 இல் அரசாங்க சபைக் காலத்தில் 19 ஆம் இலக்கக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டம் பிறந்தது. காணி அமைச்சர் அப்போது டி. எஸ். சேனநாயக்கா. குடாநாட்டின் நெருக்கத்தைக் குறைக்குமாறு கிளிநொச்சியில் 1936 அளவில் குடியேற்றம் தொடங்கிற்று. பின்னாளில் முத்தையன்கட்டிலும் விசுவமடுவிலும் படித்த வாலிபர் திட்டம் வந்தது. 'ஷல்', 'வில்' வாய்பாட்டைப் பள்ளியில் ஒப்புவித்த இளைஞர் பலர் மண்வெட்டியோடு காட்டுக்குள் இறங்கினர்.

அச்சட்டத்தின் கீழ் முதலிற் கிடைப்பது அனுமதிப்பத்திரம். ஊரார் வாயில் 'பேமிற்'. நிபந்தனைகளை நிறைவேற்றினால் பின்னர் அளிப்புப் பத்திரம் கிடைக்கும். நிபந்தனைகள் 'ஷல்' மயம். இந்த 'ஷல்' வாலிசின் விதிக்குள் அடங்குவது. படர்க்கையில் நின்று கட்டளையிடுவது. அனுமதி பெற்றவர் எதிர்காலத்திற் பணம் செலுத்துவார் என்று அது முன்கூறவில்லை. செலுத்தக் கடவர் என்கின்றது. முன் அனுமதியின்றிக் காணியைக் கைமாற்றலாகாது என்பதும் இவ்வகையதே. பேச்சுமொழியிலிருந்து மறைந்த பழம்பொருளைச் சட்டமொழி போற்றிக் காத்து வந்துள்ளது. கடனென்னும் பொருள் கொண்ட சொல்லே கடன்பட்ட குடியானவன் கையில் வந்து சேர்ந்தது. தென்னாபிரிக்கா 1996 ஆம் ஆண்டு அரசியலமைப்பில் 'ஷல்' என்பதை நீக்கி, ஐயமற்ற 'மஸ்ற்' என்பதை வைத்தது. நம் சட்டங்களில் 'ஷல்' நிலைத்தது.

சொல்லின் கூர்மை உரிமை வழியில் நன்கு தெரியும். அச்சட்டத்தின் மூன்றாம் அட்டவணை, பின்னுரித்தாளி குறிக்கப்படாதவிடத்துக் காணி யாருக்குச் செல்லும் என்று வரிசைப்படுத்திற்று. அவ்வரிசையில் மகளுக்கு முன்னே மகன் நின்றான். போரில் ஆண்மக்களை இழந்த ஊர்களில் அவ்வரிசை என்ன செய்திருக்கும் என்பதை விரித்துரைக்க வேண்டுவதில்லை. 2022 இலேதான் ஆண் பெண் வேற்றுமை நீங்குமாறு அது திருத்தப்பட்டது. 87 ஆண்டுகள் ஒரு 'ஷல்' நின்று நிலவிற்று.

அரசகரும மொழி பற்றிய சட்டங்களிலும் இச்சொல்லே உள்ளது. 1956 ஆம் ஆண்டுச் சட்டம் சிங்களம் ஒன்றே அரசகரும மொழியாதல் வேண்டும் என்றது. 1987 ஆம் ஆண்டின் பதின்மூன்றாம் திருத்தம் தமிழும் ஓர் அரசகரும மொழியாதல் வேண்டும் என்றது. ஆங்கிலப் பாடங்களில் இரண்டிடத்தும் ஒரே 'ஷல்'. முன்னது விரைந்து நடைமுறைக்கு வந்ததை முதியோர் அறிவர். பின்னதை இலக்கண மாணாக்கர் கட்டளை என்று கொள்வர். கந்தோர் வாயிலில் நிற்பவர் சிலவேளை அதனை முன்கூற்று என்றே கொள்ள நேர்கின்றது.

சட்டத் தமிழில் 'ஷல்' என்பதற்கு '-தல் வேண்டும்' என்பது நிலைத்த பெயர்ப்பு. செலுத்துதல் வேண்டும், பேணுதல் வேண்டும். 'வேண்டும்' என்பதன் அடிப்பொருளோ விரும்புதல். 'எனக்குத் தண்ணீர் வேண்டும்' என்கிறோம். ஆங்கிலம் கடனுக்கு ஒரு சொல்லும் விருப்பத்துக்கு ஒரு சொல்லுமாக வைத்து, அவற்றைப் பிரிக்க முந்நூறு ஆண்டு முயன்றது. தமிழோ இரண்டையும் ஒரே வினையில் வைத்திருக்கின்றது. அதனோடு மூன்றாவது பொருளும் உண்டு: வேண்டுதல், அதாவது இரத்தல். அரசு குடியானவனுக்கு எழுதும்போது '-தல் வேண்டும்' என முடிக்கின்றது. குடியானவன் அரசுக்கு எழுதும்போது 'வேண்டிக்கொள்கின்றேன்' என முடிக்கின்றான். வினை ஒன்றே, எழுதுவோர் நிற்கும் இடம் வேறு.

அம்மாணவியின் தாயார் கைம்பெண். தொலைந்த பத்திரத்துக்குப் பதில் கேட்டு அவர் எழுதிய விண்ணப்பத்தின் இறுதிச் சொல்லும் 'வேண்டிக்கொள்கின்றேன்' என்பதே. சில திங்களின் பின் ஒருவரி மறுமொழி வந்தது: 'ஆவன செய்யப்படும்.' அதனை ஆங்கிலத்தில் எழுதுமாறு மாணவியிடம் கூறினேன். செய்வார் யாரென அவ்வரியில் இல்லை. 'செய்யப்படும்' என்பது வழக்கமா, வாக்குறுதியா, முன்கூற்றா என்றும் இல்லை. 'ஷல்' இட்டாற் கட்டளையாகும், 'இஸ் கோயிங் ற்றூ' இட்டாற் சான்று வேண்டும், நிகழ்காலம் இட்டால் நிச்சயம் வேண்டும் என்றெல்லாம் இருவரும் பேசினோம். சிறிது நேரம் எழுதுகோலைக் கடித்துக்கொண்டிருந்தவள், பின்னர் 'வில்' என்றே எழுதினாள்.